65 வயதில் செல்லாமல்போகும் அட்டை

கடந்த ஆண்டு அக்டோபரில் ஒரு மாலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நான் மருந்தாளுநராகப் பணியாற்றும் மருந்தகத்துக்கு, வழக்கமாக வரும் அம்மையார் ஒருவர் வந்தார். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, செப்டம்பர் இறுதியில் ஓய்வுபெற்றவர். உடல் எடையைக் குறைக்கும் 'ஸெப்பவுண்ட்' என்ற வாராந்திர ஊசி மருந்தைப் பதினான்கு மாதங்களாக எடுத்துக்கொண்டிருந்தார். மாதந்தோறும் அவர் செலுத்திவந்தது 25 டாலர். அன்று என் கணினித் திரை காட்டிய தொகை ஆயிரம் டாலருக்கும் மேல்.

ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். கைப்பையிலிருந்து மருந்து உற்பத்தி நிறுவனம் வழங்கிய தள்ளுபடி அட்டையை எடுத்து நீட்டினார். "இதன் காலக்கெடு டிசம்பர் வரை இருக்கிறதே" என்றார். உண்மைதான். அட்டைக்கு டிசம்பர் வரை உயிர் இருந்தது. ஆனால், அவருக்கு 65 வயது நிறைந்து, மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுக்கு மாறிவிட்டார். அந்த நாளிலிருந்து அந்த அட்டையை அவருக்காகப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். போன மாதம்வரை செல்லுபடியான ஒன்று இந்த மாதம் குற்றமாவது எப்படி என்று அவர் கேட்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். நான் சொன்ன பதில் அரைகுறையானது. இந்தக் கட்டுரையில் அதை முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

தள்ளுபடி அட்டை என்றதும் நம் ஊர் ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடி நினைவுக்கு வரலாம். இது வேறு. இந்த அட்டையில் பணம் எதுவும் இல்லை. சில எண்கள் மட்டுமே உண்டு. காப்பீட்டு அட்டையில் உள்ளதைப் போன்ற அதே வகை எண்கள். மருந்துச்சீட்டு வந்ததும் மருந்தகக் கணினி முதலில் நோயாளியின் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கையை அனுப்புகிறது. சில நொடிகளில் பதில் வருகிறது: நிறுவனம் இவ்வளவு தரும், மீதி இவ்வளவை நோயாளி செலுத்த வேண்டும். நோயாளியின் பங்கான அந்த மீதித் தொகையைத்தான் அமெரிக்காவில் 'கோ-பே' என்கிறார்கள். பிறகு, அந்த மீதித் தொகைக்கான இரண்டாவது கோரிக்கை அட்டையில் உள்ள எண்ணுக்குச் செல்கிறது. அந்த முனையில் இருப்பது மருந்து உற்பத்தியாளர் அமர்த்திய நிறுவனம். அது ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள, நோயாளியின் கையிலிருந்து செல்வது மிகச் சொற்பம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். புரிதலுக்காக மட்டும் சொல்கிறேன். நோயாளியின் பங்கு 75 டாலர் என்று காப்பீட்டு நிறுவனம் விதிக்கிறது. உற்பத்தியாளர் அட்டை மூலம் 50 டாலரைத் தாமே செலுத்தி, நோயாளியிடம் 25 டாலர் மட்டும் வாங்கச் சொல்கிறார். அந்த 50 டாலரைச் செலவிட்டதால் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பல நூறு டாலர் வருகிறது. கழிவுகளைக் கழித்த பிறகும் லாபம்தான். எனவே, இந்த அட்டை கொடையன்று; விற்பனைச் செலவு. நோயாளிக்கு நன்மை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 25 டாலருக்கு மருந்து கிடைத்த பதினான்கு மாதங்கள் அந்த அம்மையாருக்கு உண்மையான நன்மையே. ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்தியிருந்தார். மாடிப்படி ஏற முடிகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

காப்பீட்டு நிறுவனம் நோயாளியின் பங்கு என ஒரு தொகையை விதிப்பதற்கு ஒரு நோக்கம் உண்டு. ஒரே பயனுள்ள இரண்டு மருந்துகளில் விலை குறைந்ததை நோக்கி நோயாளியைத் திருப்புவதே அது. விலை கூடியதை நோயாளிக்கு இலவசமாக்கிவிட்டால் அந்த நோக்கம் தோற்றுவிடும். கூடுதல் செலவு காப்பீட்டுச் சந்தா வழியாக எல்லோர் தலையிலும் ஏறும். லீமோர் டாஃப்னி, கிறிஸ்டோபர் ஓடி, மேத்யூ ஷ்மிட் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. ஒத்த வேதிப்பெயர் மருந்து மலிவாகக் கிடைக்கும்போதும், தள்ளுபடி அட்டை கொண்ட வணிகப்பெயர் மருந்தின் விற்பனை 60 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது என்றும், அந்தக் கூடுதல் முழுவதும் மலிவு மருந்தின் விற்பனையைக் குறைத்தே வருகிறது என்றும் அவர்கள் கண்டனர். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் மாநிலங்கள் இத்தகைய அட்டைகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருப்பது இதனால்தான்.

எனினும் எடைக் குறைப்பு மருந்துகளின் நிலை சற்று வேறு. நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் 'வெகோவி', எலி லில்லி நிறுவனத்தின் 'ஸெப்பவுண்ட்' ஆகிய இரண்டுக்கும் அமெரிக்கச் சந்தையில் ஒத்த மலிவு மருந்து இல்லை. முன்னது 2021 ஜூனிலும் பின்னது 2023 நவம்பரிலும் உடல் பருமனுக்காக அனுமதி பெற்றன. வெகோவியின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலர். ஸெப்பவுண்டின் விலை அறிமுகத்தின்போது 1,060 டாலர். ஸெப்பவுண்ட் வந்த நாளிலேயே அட்டையும் வந்தது. தனியார் காப்பீடு மருந்தை ஏற்றால் நோயாளிக்கு 25 டாலர். காப்பீடு இருந்தும் மருந்தை ஏற்காவிட்டால் ஏறத்தாழ 550 டாலர். சந்தைக்கு வரும் நாளிலேயே பாதி விலைக்கு ஒரு வாயில் திறந்து வைக்கப்படுகிறது என்றால், முழு விலை யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்வி 2024 செப்டம்பரில் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் எழுப்பப்பட்டது. குழுத் தலைவர் பெர்னி சாண்டர்ஸ், நோவோ நார்டிஸ்கின் அப்போதைய தலைமை நிர்வாகி லார்ஸ் ஃப்ரூயர்கார்ட் யோர்கன்சனை எதிரில் அமரவைத்து விலைகளை வரிசையாகப் படித்தார்: வெகோவி அமெரிக்காவில் 1,349 டாலர், டென்மார்க்கில் 186, ஜெர்மனியில் 137, பிரிட்டனில் 92. தலைமை நிர்வாகியின் பதில் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. முன்பு ஓர் இன்சுலின் மருந்தின் பட்டியல் விலையைக் குறைத்தபோது, காப்பீட்டு இடைத்தரகர்கள் அம்மருந்தையே தங்கள் பட்டியலிலிருந்து விலக்கியதை அவர் சுட்டிக்காட்டினார்.

இந்த இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்றே நிறுவனங்கள் அமெரிக்காவின் மருந்துச்சீட்டுகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. எந்த மருந்து காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறும் என்பதை அவையே பெருமளவு தீர்மானிக்கின்றன. இடம்பெறுவதற்காக உற்பத்தியாளர்கள் அவற்றுக்குக் கழிவு தருகிறார்கள். பட்டியல் விலை உயர்ந்திருந்தால்தான் கழிவும் பெரிதாக இருக்க முடியும். 2025 ஜூலை முதல் தேதி கேர்மார்க் தன் முதன்மைப் பட்டியலில் ஸெப்பவுண்டை விலக்கி வெகோவிக்கு முன்னுரிமை அளித்தது. அந்த வாரம் முழுவதும் என் வேலை, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மருந்தை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதாகவே இருந்தது. மருத்துவக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அட்டை கையில் இருந்தும் பயனில்லை. காப்பீடு மருந்தை ஏற்றால்தானே 25 டாலர்.

ஆக, விலையை உயர்த்தி எழுதுபவர் உற்பத்தியாளர். உயர்ந்த விலையில் ஆதாயம் காண்பவர் இடைத்தரகர். இருவருக்கும் இடையே நோயாளி சினம் கொள்ளாமல் இருக்கத் தரப்படுவது அட்டை. காப்பீட்டு நிறுவனங்களும் இதற்கு எதிர்க்காய் நகர்த்துகின்றன. ஓர் ஆண்டில் நோயாளி குறிப்பிட்ட தொகையைத் தன் கையிலிருந்து செலவிட்ட பிறகே காப்பீடு முழுமையாகக் கைகொடுக்கும் என்பது அமெரிக்காவில் பரவலான ஏற்பாடு. அட்டை செலுத்திய பணத்தை நோயாளி செலுத்தியதாகக் கணக்கில் கொள்ள மாட்டோம் என்று பல நிறுவனங்கள் விதி வகுத்துள்ளன. ஜூலை மாதம்வரை எல்லாம் சரியாக நடக்கும். அட்டையின் ஆண்டு வரம்பு ஒருநாள் தீரும். அன்றுதான், தன் கணக்கில் இதுவரை ஒன்றுமே ஏறவில்லை என்பது நோயாளிக்குத் தெரியவரும். இந்த விதிகளை அனுமதித்த மத்திய அரசின் ஆணையை 2023 செப்டம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. நடைமுறை மட்டும் இன்னும் முற்றிலும் மாறவில்லை என்பதை மருந்தகத்தில் நாள்தோறும் பார்க்கிறேன்.

இனி, தொலை மருத்துவம். அந்த அம்மையாருக்கு மருந்து எழுதித் தந்தவரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. குடும்ப மருத்துவரைச் சந்திக்க மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில், இணையவழி மருத்துவ நிறுவனம் ஒன்றை நாடினார். உயரம், எடை, பழைய நோய்கள் பற்றிய கேள்விகள், ஒரு காணொளி உரையாடல், மறுநாளே மருந்துச்சீட்டு. தள்ளுபடி அட்டைக்கான இணைப்பும் அதே பக்கத்திலேயே இருந்தது.

தொலை மருத்துவத்தைக் குறைசொல்வது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. பருத்த உடலோடு மருத்துவமனைக்குச் செல்பவர்கள் எதிர்கொள்ளும் அவமதிப்பை நேரில் கேட்டவன் நான். முழங்கால் வலி என்று போனாலும் காது வலி என்று போனாலும் "முதலில் எடையைக் குறையுங்கள்" என்ற ஒரே பதிலோடு திரும்பியவர்கள், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மருத்துவரிடம் பேச முடிவது சிறிய விஷயமன்று. கிராமப்புறங்களில் உடல் பருமன் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர் கிடைப்பதே அரிது. இந்த மருந்துகள் அழகு சாதனங்களும் அல்ல. 17,604 பேர் பங்கேற்று 2023இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத, ஏற்கெனவே இதய நோயுள்ள பருத்த உடலினரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதத்தை வெகோவியின் மூலப்பொருளான செமாகுளுடைட் 20 சதவீதம் குறைத்தது.

என் கவலை வேறோர் இடத்தில். மருந்து எழுதுவதை எளிதாக்கிய இந்த நிறுவனங்களில் சில, எழுதிய பின் வரும் வேலையை விரும்புவதில்லை. காப்பீடு இம்மருந்துகளை ஏற்க வேண்டுமானால் பெரும்பாலும் முன் அனுமதி தேவை. நோயாளியின் எடை வரலாறு, உணவுக் கட்டுப்பாட்டில் எத்தனை மாதம் முயன்றார், வேறு நோய்கள் என்ன என்ற ஆவணங்களை மருத்துவரின் அலுவலகம் அனுப்ப வேண்டும். மாதச் சந்தா வாங்கும் இணைய நிறுவனத்துக்கு அது ஆதாயமில்லாத உழைப்பு. "காப்பீடு ஏற்காவிட்டால் எங்களிடமே ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்பதே அதற்கு வசதியான வழி. ஏற்றிருக்கக்கூடிய காப்பீட்டை ஒருமுறைகூட முறையாகக் கேட்காமல், மாதம் பல நூறு டாலர் செலுத்திக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நாங்களே படிவத்தை அவருடைய உள்ளூர் மருத்துவருக்கு அனுப்பிவைத்தோம். பதினொரு நாளில் அனுமதி வந்தது.

இன்னொரு நாள், இணையவழி வந்த ஒரு மருந்துச்சீட்டைப் பார்த்தேன். அதே நோயாளி, நீரிழிவுக்காகச் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையை ஏற்கெனவே என்னிடம் வாங்கிக்கொண்டிருப்பவர். இரண்டும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மாத்திரையின் அளவைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். எழுதியவரைத் தேடி அழைத்தேன். நாற்பது நிமிடங்கள் இசை கேட்டேன். இறுதியில் கிடைத்தவர் மருத்துவரல்லர். வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் ஊழியர். நோயாளி படிவத்தில் அந்த மாத்திரையைக் குறிப்பிட மறந்திருந்தார். எதிரில் அமர்ந்த மருத்துவராக இருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பார். இது எல்லா நிறுவனங்களின் நிலையுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். என் மருந்தகத்தைத் தாமே தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கும் இணைய மருத்துவர்களும் உண்டு.

மருந்து நிறுவனமே தொலை மருத்துவத்துக்கு வழிகாட்டத் தொடங்கியபோது இந்தக் கோடு மேலும் மங்கியது. எலி லில்லி 2024 ஜனவரியில் 'லில்லி டைரக்ட்' என்ற தளத்தைத் தொடங்கியது. மருந்தைப் பற்றிப் படிக்கலாம். அங்கிருந்தே தொலை மருத்துவர் ஒருவரை அடையலாம். மருந்தையும் வீட்டுக்கே வரவழைக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரில் டிக் டர்பின், எலிசபெத் வாரன் உள்ளிட்ட நான்கு மேலவை உறுப்பினர்கள் லில்லிக்கும், இதைப் போன்ற தளத்தை நடத்தும் ஃபைசருக்கும் கடிதம் எழுதி, இந்த ஏற்பாடு கையூட்டுத் தடுப்புச் சட்டத்தின் உணர்வுக்கு மாறானதல்லவா என்று வினவினர். மருத்துவர் சுயேச்சையாகவே முடிவெடுக்கிறார் என்பது நிறுவனங்களின் நிலைப்பாடு. தனித்தனி மருத்துவரைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால், குறிப்பிட்ட மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வரும் நோயாளிகளை நம்பி நடக்கும் ஒரு மருத்துவமனையின் கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

அந்தக் கையூட்டுத் தடுப்புச் சட்டத்துக்கு வருகிறேன். அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. அரசின் மருத்துவத் திட்டங்கள் பணம் செலுத்தும் ஒரு பொருளை வாங்கும்படி தூண்டுவதற்காக யாருக்கும் ஆதாயம் அளிக்கக் கூடாது என்பது 1972இல் தோன்றிய அந்தச் சட்டத்தின் சாரம். நோயாளிக்குத் தரும் தள்ளுபடியும் தூண்டுதலே. எனவே மெடிகேர், மெடிகெய்ட், ராணுவத்தினருக்கான காப்பீடு ஆகியவற்றில் உள்ளவர்களுக்கு உற்பத்தியாளரின் அட்டை செல்லாது. அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014இல் இதை வலியுறுத்திச் சிறப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. சட்டத்தின் நோக்கத்தில் பிழையில்லை. அட்டை விலையை உயர்த்திப் பிடிக்கும் கருவி என்பதை அரசு புரிந்துகொண்டு, மக்களின் வரிப் பணத்தை அதனிடமிருந்து காத்தது.

ஆனால், இங்கே ஒரு முரண் இருக்கிறது. எடைக் குறைப்புக்காக இந்த மருந்து எழுதப்பட்டபோது, தூண்டுதலால் பாதிக்கப்படக்கூடிய மெடிகேர் பணம் என்று ஒன்று இருக்கவே இல்லை. மெடிகேரின் மருந்துத் திட்டத்தை உருவாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், எடைக் குறைப்புக்கான மருந்துகளை வெளிப்படையாக விலக்கிவைத்தது. அன்று சந்தையில் இருந்த எடைக் குறைப்பு மாத்திரைகளின் அவப்பெயரைப் பார்த்தால் அது நியாயமான முடிவே. இருபதாண்டுகளில் மருந்துகள் மாறிவிட்டன, சட்டம் மாறவில்லை. இந்த விலக்கை நீக்கும் மசோதா பத்தாண்டுகளுக்கும் மேலாக நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டு உறங்குகிறது. விதியை வேறுவிதமாகப் பொருள்கொண்டு மருந்தை ஏற்கலாம் என்று 2024 நவம்பரில் பைடன் அரசு முன்வைத்த யோசனையை, 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு கைவிட்டது. ஆக, 65 வயதைக் கடந்தவருக்கு எடைக் குறைப்புக்காக அரசும் பணம் தரவில்லை. உற்பத்தியாளர் தருவதையும் வாங்க விடவில்லை.

இதன் விளைவாக மருந்தகங்களில் நடப்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். அட்டையைப் பதிவு செய்யும்போது "அரசுக் காப்பீடு எதுவும் எனக்கு இல்லை" என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிடுபவர்களில் எல்லோரும் உண்மை சொல்வதில்லை. சிலருக்கு அந்த வரியின் பொருளே புரிவதில்லை. சிலருக்கு நன்றாகப் புரியும். மெடிகேர் உள்ளதை எங்களிடம் மறைத்து, அட்டையோடு வந்த முதியவர்களை நான் கண்டதுண்டு. தெரிந்தே அந்தக் கோரிக்கையை நான் அனுப்பினால் என் உரிமமே போய்விடும். மாதம் ஏறத்தாழ 2,000 டாலர் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் அதில் பாதியை ஒரு மருந்துக்குச் செலுத்துங்கள் என்று சொல்வதும் எளிதாக இல்லை.

நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். செமாகுளுடைட் ஆய்வில் பங்கேற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தம் எடையில் 15 சதவீதத்தை இழந்தனர். மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ரத்த அழுத்த மருந்தைப் போலவே இதுவும் தொடர்ந்து எடுக்க வேண்டியது என்பதே இதன் பொருள். தொடக்கத்தில் 25 டாலர் என்ற எண்ணைக் கண்டு உள்ளே வருபவரிடம், இந்த விலை எத்தனை காலத்துக்கு, எந்தச் சூழலில் மாறும் என்று அட்டை வழங்குபவரும் சொல்வதில்லை. மருந்து எழுதும் இணைய நிறுவனமும் சொல்வதில்லை. 63 வயதுக்காரருக்கு இதை எழுதித் தரும் மருத்துவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாமா? அது பணக் கேள்வி மட்டுமன்று, மருத்துவக் கேள்வியும்தான்.

விலை குறைந்துவருகிறது என்பதும் உண்மை. தட்டுப்பாட்டுக் காலத்தில் சில மருந்தகங்கள் மூலப்பொருளை வாங்கித் தாமே கலந்து மலிவாக விற்க அனுமதி இருந்தது. இணைய நிறுவனங்களின் வழியே அது பெருமளவில் பரவியது. 2025 பிப்ரவரியில் செமாகுளுடைட் தட்டுப்பாடு நீங்கியதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவிக்க, அந்த அனுமதி சில மாதங்களில் முடிவுக்கு வந்தது. வாடிக்கையாளர்களைத் திரும்பப் பெற, உற்பத்தியாளர்கள் காப்பீட்டைத் தொடாத நேரடி ரொக்க விலையை அறிவித்தனர். 2025 மார்ச்சில் வெகோவி 499 டாலர், நவம்பரில் 349. ஸெப்பவுண்டைக் குப்பியில் அடைத்து, ஊசிக் குழலில் நாமே எடுத்துக்கொள்ளும் வடிவில் டிசம்பர் முதல் 299, 399, 449 டாலர் என மருந்தின் அளவுக்கேற்ப விற்கிறார்கள். மெடிகேர் காப்பீட்டில் உள்ளவரும் இதை வாங்கலாம், அரசிடம் பணம் கோரமாட்டேன் என உறுதியளித்தால். உயர் அளவு மருந்துக்கு இந்த விலை தொடர வேண்டுமானால் 45 நாள்களுக்குள் அடுத்த மாத மருந்தை வாங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நோய்வாய்ப்பட்டுப் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ விலை ஏறிவிடும்.

2025 நவம்பர் 6 அன்று அதிபர் டிரம்ப் இரு நிறுவனங்களோடும் செய்துகொண்டதாக அறிவித்த உடன்பாடு இன்னும் ஒரு படி. மெடிகேருக்கு மாதம் 245 டாலர், அதில் நோயாளியின் பங்கு 50 டாலர், 2026 நடுப்பகுதியிலிருந்து என்பது அறிவிப்பு. முழுமையாக நடந்தேறினால் வரவேற்பேன். அதேவேளையில், ஆயிரம் டாலர் என்று எழுதிய மருந்தை 245 டாலருக்கு விற்றும் லாபம் பார்க்க முடியும் என்பதை உற்பத்தியாளர்களே அதன்மூலம் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இந்தியாவில் 2025 மார்ச்சில் இதே லில்லி நிறுவனம் இதே மூலப்பொருளை 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் அறிமுகம் செய்தபோது, 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரம் ஒன்று என மாதத்துக்கு 17,500 ரூபாய். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 200 டாலர். மதுரையிலிருந்து என் அத்தை மகன் தொலைபேசியில் விலையைக் கேட்டுவிட்டு, "அமெரிக்காவில் எவ்வளவு?" என்றபோது, எந்த எண்ணைச் சொல்வது என்று எனக்கே குழப்பம். 25, 299, 449, 550, 1,060 ஆகிய அனைத்துமே உண்மையான விலைகள்தாம். யார் கேட்கிறார், அவருக்கு எத்தனை வயது, யாரிடம் வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

செமாகுளுடைடைத் தயாரிக்க ஆகும் செலவை, லாபத்தையும் சேர்த்து, மாதம் 0.89 முதல் 4.73 டாலர் வரை என்று 2024இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற மதிப்பீடு ஒன்று கணித்தது. ஆராய்ச்சிக்கான பல்லாண்டு முதலீடு அதில் அடங்காது என்பது நியாயமான மறுப்பு. அந்த முதலீட்டை மீட்கும் உரிமை உற்பத்தியாளருக்கு உண்டு. அதை எல்லோரும் அறியும் ஒரே விலையில் மீட்கட்டும் என்பதே என் வாதம். ஒருவருக்கு அட்டை, ஒருவருக்குக் குப்பி, ஒருவருக்கு அதிபரின் அறிவிப்பு எனப் பிரித்துக்கொண்டே போகும்வரை, விலை குறைகிறதா என்பதைக்கூட யாராலும் அளக்க முடியாது. இதற்கிடையில் காப்பீடுகள் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன. வட கரோலினா மாநில ஊழியர் காப்பீடு 2024 ஏப்ரலிலும், கலிஃபோர்னியாவின் ஏழைகளுக்கான காப்பீடு 2026 ஜனவரியிலும் எடைக் குறைப்புக்காக இம்மருந்துகளை ஏற்பதை நிறுத்திவிட்டன. செலவு தாங்கவில்லை என்பதே இரண்டும் சொன்ன காரணம்.

அந்த அம்மையார் அக்டோபரில் மருந்தின்றித் திரும்பிப் போனார். நவம்பர் மாதம் முழுவதும் வரவில்லை. டிசம்பரில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். நிறுத்தியிருந்த இரண்டாவது மாத்திரை மீண்டும் சீட்டில் ஏறியிருந்தது. குப்பி வடிவைப் பற்றிச் சொன்னேன். 449 டாலரை மாதந்தோறும் கொடுக்க இயலாது என்றார்.

ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கும் ஸெப்பவுண்ட் பயன்படும் என 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. எடைக்காக எழுதினால் மெடிகேர் அப்போது ஏற்கவில்லை. அதே ஊசியை இந்த நோய்க்காக எழுதினால் ஏற்க இடமுண்டு. அவருடைய புதிய மருத்துவர் உறக்கப் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார். நோய் மிதமானது அல்லது கடுமையானது என்று முடிவு வர வேண்டும். எடை குறைந்தபோது தன் குறட்டையும் நின்றுபோனதாக முன்பு என்னிடம் பெருமையாகச் சொன்னவர் அவர். இப்போது, பரிசோதனைக்கு முன் அது திரும்பி வந்துவிடுமா என்று கேட்டார். தேதி அடுத்த மாதம் 14 என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு 4 டாலர் கொடுத்துவிட்டுச் சென்றார்.